தாடை இழந்த நரி

மகளுக்கு,

நேற்று உன்னிடம் சொல்லாமல் நீ வேலை பார்க்கும் வனவிலங்குப் பூங்காவுக்கு வந்தேன். நீ லீவு என்றார்கள். அதுவும் நல்லதுதான்.

மான், மயில் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கடைசிக் கூண்டில் ஒரு நரி நின்றது. அதற்குக் கீழ்த்தாடையே இல்லை.

"என்னப்பா ஆச்சு இதுக்கு?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"பன்னிக்கு வச்ச வெடி உருண்டையக் கடிச்சிருச்சு, ஐயா. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மக்காச்சோளக் காட்டுல கெடந்துச்சு. எங்க டாக்டரம்மாதான் தெனமும் குழாய் வச்சுக் கஞ்சி ஊத்துதாக. எந்தப் படுபாவி வச்சானோ!"

அந்த டாக்டரம்மாவுக்கு நான் அப்பன் என்று சொல்லவில்லை.

பன்றிக்குப் பரிந்து பேசிய உன்னை வீட்டைவிட்டு விரட்டியது தப்பு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். என் வெள்ளாமையைத் தின்றது பன்றிதானே?

ஆனாலும் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் நேரே நம் சோளக் காட்டுக்குத்தான் போனேன். நான் வைத்திருந்த நான்கு உருண்டைகளில் மூன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டேன். நான்காவது, வைத்த இடத்தில் இல்லை. வெடித்த சத்தமும் கேட்கவில்லை. இன்று காலை களையெடுக்க வந்த பெண்களை வரப்போடு திருப்பி அனுப்பிவிட்டேன்.

போனில் கெஞ்ச என்னால் முடியாது; அதனால் இதை ஆள்வசம் கொடுத்தனுப்புகிறேன். உன் ஆட்களோடு உடனே வந்து தேடு. வைத்தது யார் என்று அவர்கள் கேட்டால், நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா