டாக்டர் என்னிடம் கேட்டது

பீனிக்ஸ், மொரீஷியஸ்
4.8.1991

அன்புள்ள சாந்தா அக்காவுக்கு,

அம்புஜம் அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. கவரில் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். அத்திம்பேர் பிரித்துப் படித்துவிட்டு உன்னிடம் கொடுக்கிற வழக்கம் இந்த ஒரு தடவை வேண்டாம்.

இடது மார்பில் சின்னக் கட்டி, எடுத்தால் சரியாகிவிடும் என்று போன மாதம் எழுதினேன் அல்லவா? இவர் சொன்னதைத்தான் எழுதினேன். எனக்கு இங்கிலீஷும் வராது, ஃப்ரெஞ்சும் வராது. டாக்டர் பத்து நிமிஷம் பேசுவார், இவர் எனக்கு இரண்டு வரி சொல்வார். மூன்று வருஷமாக இந்த ஊர்க்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாருக்குத் தமிழே மறந்துபோயிற்றா என்று எரிச்சலாக வந்தது.

அதனால் வியாழக்கிழமை இவரிடம் சொல்லாமல் ஜெயபாரதியைக் கூட்டிக்கொண்டு போனேன். சனிக்கிழமைகளில் கோவிலில் இவரிடம் தமிழ் படிக்கிறவள், ஸ்வெட்டர் ஃபாக்டரியில் வேலை. லீவு போட்டுவிட்டு வந்தாள். வீட்டில் இந்த ஊர் பாஷையான க்ரியோல்தான் பேசுவார்கள். அவள் தமிழ் பாடப்புத்தகத் தமிழ், பூசி மெழுகத் தெரியாது. இது புற்றுநோய் என்றாள். கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு ஆறு வாரம் கதிர்வீச்சுக் கொடுப்பது (நம் ஊரில் கரண்ட் வைப்பது என்பார்களே, அதுதான்) ஒன்று, மார்பு முழுவதும் எடுப்பது இரண்டு, உங்கள் விருப்பம் எது என்று டாக்டர் கேட்கிறார் என்றாள். என் விருப்பமாம்! முழுவதும் எடுக்கச் சொல்லி இவர் கையெழுத்தே போட்டிருக்கிறார். என்னைக் கேட்டுத்தான் போட்டார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். நீ பயந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடவில்லை. பயப்பட வேண்டியது நான், அதையும் நீங்களே எடுத்துக்கொண்டால் எப்படி என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து இரண்டு பேரும் சரியாகப் பேசவில்லை. கடைசியில் நானும் முழுவதும் எடுக்கவே சொல்லலாம், தெரியவில்லை. ஆனால் அதை நான் என் வாயால் சொல்ல வேண்டும் அக்கா.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். உங்கள் அம்மாவுக்கு இந்த நோய் இருந்ததா என்று. கிடையாது என்று இவர் முன்பே பதில் சொல்லியிருக்கிறார். இவருக்கு என்ன தெரியும்? எனக்கே சரியாகத் தெரியாது. அம்மா மார்பில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பதினாலு வயசு. டாக்டர் என்னடி சொன்னார் என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நீயும் அப்பாவும் சொல்லச் சொன்னபடி, வெறும் புண்தான், ஆறிவிடும் என்றேன். அம்மா சரி என்று தலையாட்டினாள். மறுபடி கேட்கவே இல்லை.

அது தெரிந்தால் முடிவு செய்ய உதவும், மாதக் கடைசி வரை பொறுக்கலாம் என்கிறார் டாக்டர். அப்பாவும் இல்லை. இனி அதைச் சொல்ல உன்னைத் தவிர யாரும் இல்லை. தைரியமாயிரு, சுவாமி பார்த்துக்கொள்வார் என்றெல்லாம் எழுதாதே. அம்மாவுக்கு என்ன வியாதி என்று எழுது. நீயும் உன் மார்பைத் தடவிப் பார்த்துக்கொள். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம்.

வெறும் புண்தான் என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே அக்கா.

தபால்காரரை எதிர்பார்த்திருக்கும் உன் தங்கை,
அம்புஜம்