பாலைப்பழக் காலம்

இறுப்பிட்டி,
புங்குடுதீவு.
23.05.2025

அன்புள்ள மகள் பிரியவதனிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்கால்தான் சொல் கேட்பதில்லை. கிணற்றில் உப்பு ஏறிவிட்டது, குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் நாவலின் தமிழ்ப் பிரதி போன கிழமை கிடைத்தது. அம்மா அழுது அழுது வாசித்தாள். எனக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற மகளுக்கு இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் அச்சுக்குப் போக முன்னர் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று நீதான் கேட்டிருந்தாய். வன்னிக் காட்டில் பதினெட்டு வருடம் வன இலாகா றேஞ்சராக இருந்தவன் சொல்கிறேன், கேள்.

மாயக் காட்டைக் காக்கிறானாம், உன் கதாநாயகன் ஆரணியன். கணுக்கால் வரை போர்வை போர்த்திக்கொண்டு முட்பற்றைக்குள் ஓடுகிறான். பத்து யார் தூரம் போக முதல் சூரைமுள் அந்தப் போர்வையை உரித்து எடுத்திருக்கும். முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒருநாள்கூட அவன் குளிக்கவில்லை. சீ! நாங்கள் எந்தக் காட்டில் நின்றாலும் பின்னேரம் குளத்தில் முழுகாமல் சோற்றில் கை வைத்ததில்லை. கோடையில் சருகுக்கு நடுவில் நெருப்பு மூட்டுகிறான். என்னிடம் வேலை செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். மரங்களோடு கொஞ்சுகிறான், மனிதரைக் கண்டால் எரிந்து விழுகிறான். அது அப்படியே நான்தான் என்று அம்மாவுக்குச் சிரிப்பு. எரிந்து விழுவது உண்மைதான், கொஞ்சியது கிடையாது.

எல்லாவற்றிலும் பெரிய மடைத்தனம், பழக்காலத்தில் அவன் தன் தோழனைப் பாலை மரத்துக்குக் கீழே விடுவது. கரடி பழம் தின்ன வருகிற இடம் அது. காட்டில் ஒரு மாதம் இருந்தவனுக்கே தெரியும்.

பதினாறாம் அத்தியாயத்தில் மூன்று கண் கரடி அந்தத் தோழன் மேல் விழுகிறது. ஆரணியன் கோடரியோடு பாய்ந்து அதைத் துரத்துகிறான். தோழனைத் தோளில் சுமந்து நடக்கிறான். மனைவியின் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்தத் தோளிலேயே தோழன் உயிர் விடுகிறான். அந்த இடத்தில் மூடி வைத்தேன். இது உன் கற்பனை இல்லை. சின்ன வயதில் உனக்குச் சோறு தீத்தும்போது, என் காவலாளி ஏரம்பு மாமா செத்ததைப் பற்றி நான் சொன்ன கதை.

அது பொய், மகள்.

எண்பத்தொன்றாம் ஆண்டு ஆனி மாதம். எனக்குப் பாலைப்பழத்தில் ஆசை. இது கரடி திரியிற நேரம் ஐயா என்று மாமா சொன்னார். பயந்தாங்கொள்ளி என்று ஏசி, பழம் பறிக்க அனுப்பினேன். கரடி அவர் மேல் விழுந்தபோது நாற்பது யார் தள்ளி நின்றேன், கையில் சுடுவதற்குத் துவக்கு இருந்தது. ஐயா, ஐயா என்று இரண்டு தரம் கூப்பிட்டார். நான் ஓடினேன். இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பி வந்தேன். அவர் உயிரோடு இல்லை. எப்போது போனது என்று எனக்குத் தெரியாது.

தோளில் தூக்கி றோட்டுக்குக் கொண்டுவந்தது மட்டும் உண்மை. நான் போட்டிருந்த சேட்டில் இரத்தத்தைக் கண்ட சனம் மிச்சத்தைத் தானே சொல்லிக்கொண்டது. நான் மறுக்கவில்லை. கடைசியாக என்ன சொன்னார் என்று அவருடைய மனைவி இலட்சுமி மாமி கேட்டபோது, உங்கள் பெயரைத்தான் என்றேன்.

நாற்பத்துநாலு வருடமாக மாமாவின் திவசத்தில் முதல் இலை எனக்குத்தான். "அண்ணை, அவர் தனியச் செத்தவரில்லை எண்ட நினைப்பிலதான் நான் நித்திரை கொள்ளுறன்" என்று போன வருடமும் மாமி சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். ஆரணியனைக் கண்டு எனக்கு ஏன் அருவருப்பு வந்தது என்று இப்போது விளங்கும்.

ஆடி மாதம் வாசிகசாலையில் வெளியீடு வைத்து, முதல் பிரதியை மாமியின் கையில் கொடுக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். அந்தப் பொய்யை அச்சில் அவர் கையில் கொடுக்காதே. பதினாறாம் அத்தியாயத்தை மாற்று. அவன் ஓடட்டும். தோழன் இரண்டு தரம் கூப்பிடட்டும்.

இன்னும் ஒரு மாதத்தில் திவசம். இந்த முறை இலை போட முன்னர் நானே மாமியிடம் சொல்லிவிடுவேன். அதன் பிறகு அந்த மனுசிக்கு நித்திரை வராது, அதுவும் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்து ஆறுதலாகக் கதை. என்னோடு கதைப்பதா இல்லையா என்பது உன் விருப்பம். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அதையும் நானே சொல்கிறேன்.

பேரப்பிள்ளைகள் நல்லாயிருக்க வேண்டும். யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பிள்ளைகளாக வளர வேண்டும். உன் அப்பாவிடம் இருக்கிற ஆசீர்வாதம் இவ்வளவுதான்.

இப்படிக்கு,
அப்பா
வே. நடராசா