பெர்பெரா துறைமுகத்தில் வேலை

ஹோதனின் அப்பாவுக்கு,

நம் துறைமுகத்தை இப்போது வெளிநாட்டுக் கம்பெனி நடத்துகிறது. எத்தியோப்பியாவுக்குப் போகும் சரக்கும் இங்கே இறங்குகிறது. பிழைக்க ஜெத்தா போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள்.

மேஸ்திரி கூலேத் என் டீக்கடைக்கு வந்தார். "கிரேன் ஓட்ட ஆள் வேணும். உன் வீட்டுக்காரன் எப்ப வர்றான்?"

"அங்க வேலை அதிகம், அண்ணே."

"எப்பவும் இதையேதான் சொல்றே" என்று சிரித்தார்.

"அப்ப எனக்குக் கத்துக்குடுங்க" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டார்.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன்.

அங்கே உங்களுக்குப் பிறந்த குழந்தை நலமா?

இங்கிருந்து ஏற்றிப்போன ஆடுகளை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பும் ஜெத்தா கப்பல்கள் மேலிருந்து பார்த்தால் தூரத்திலேயே தெரிகின்றன. கடைசி ஆள் கரையிறங்கும்வரை நான் கிரேனை அசைப்பதில்லை. மேஸ்திரி தினமும் திட்டுகிறார்.

இன்னும் உங்கள்,
மகளின் அம்மா