கடைசிக் குப்பியில் நீ

என் ரீட்டாக்காவுக்கு,

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ தந்த தோலிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் திங்கட்கிழமை பூஞ்சை பிடித்துவிட்டது. எல்லாத் தட்டுகளிலும் நானே பிளீச்சிங் ஊற்றி அழித்தேன்.

பீன்யா தொழிற்சாலையில் திருகு முடுக்கிக்கொண்டிருந்த உன் விரல்கள் ஒருநாள் மடங்க மறுத்தன. பிறகு கை, கால். நரம்புகள் செத்துக்கொண்டே வருகின்றன, குணமாக்க மருந்தில்லை என்றார் டாக்டர். காக்ஸ் டவுன் வீட்டில் நான் சோறு ஊட்டும்போது கேட்டாய்: "லைஃப் சயின்ஸ், லைஃப் சயின்ஸ்னு ஓடுறியே, அதுல மொத்தம் என்னதான்டி இருக்கு?"

சொன்னேன். செடியைப் பார்ப்பவர்கள், பூச்சியைப் பார்ப்பவர்கள், கிருமியின் பின்னால் அலைபவர்கள், ஒரு செல்லுக்குள்ளேயே ஆயுளைக் கழிப்பவர்கள், மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிப்பவர்கள், காடும் குளமும் எப்படிச் சேர்ந்து பிழைக்கின்றன என்று தேடுபவர்கள். உயிர் எப்படி நடக்கிறது என்பதைத்தான் எல்லோரும் கேட்கிறோம் என்றேன்.

"இத்தனை பேரு இருக்கீங்க. என் கைக்கு ஒருத்தர்கூட இல்லையா?"

நான் அடுத்த கவளத்தை உருட்டி உன் வாயருகே நீட்டினேன், அக்கா.

மறுவாரம் நீயே தோல் தருகிறேன் என்றாய். கையெழுத்துப் போட முடியாமல் கைநாட்டு வைத்தாய். நீ இறந்துபோன பிறகு அந்தச் செல்களை நரம்புச் செல்களாக மாற்றினோம். உன் நரம்புகளைப் போலவே அவையும் வாடின. ஏன் என்று பார்க்கத் தொடங்கியபோதுதான் பூஞ்சை.

முன்பே உறைய வைத்திருந்த உன் செல்களில் ஒரே ஒரு குப்பி மிச்சம். இன்று காலை அதை எடுத்தவள், திறக்காமல் கையில் பிடித்தபடியே நின்றேன். உடன் வேலை செய்யும் மஞ்சுநாத் பார்த்துவிட்டு, "பர்வாகில்ல மேடம், இது போனா போகட்டும், வேற பேஷண்ட்கிட்ட சாம்பிள் கேக்கலாம்" என்றான்.

குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடையது என்று இதுவரை நான் வாய் திறந்ததில்லை. "அது எங்க அக்கா, மஞ்சு" என்றேன். அவன் கையுறை மாட்டிக்கொண்டு வந்து, என் கையிலிருந்து குப்பியை மெதுவாக வாங்கிக்கொண்டான்.

உருக்கித் தட்டில் இட்ட செல்களை மாலையில் நுண்ணோக்கியில் பார்த்தேன். பெரும்பாலும் செத்து மிதந்தன. ஓரமாக ஏழெட்டு மட்டும் தட்டில் ஒட்டியிருந்தன. பிழைக்குமா? அவை நீயில்லை என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் தட்டின்மேல் குனிந்து உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

மருந்து கண்டுபிடிப்பேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நாளைக் காலை போவேன். அவை உயிரோடிருந்தால் காப்பாற்றப் பார்ப்பேன். இல்லையென்றால், உன் நோயோடு படுத்திருக்கும் இன்னொருவர் பக்கத்தில் போய் உட்காருவேன். என் அக்காவுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதை முதலில் சொல்வேன். அதன் பிறகுதான் தோல் கேட்பேன்.

நீ தூக்கி வளர்த்த தங்கை,
ஸ்டெல்லா