கரண்ட் போனால் மாறும் நம்பர்

தம்பி,

காலையில் கரண்ட் போய் வந்தது. ஐந்து நிமிடம்கூட இருக்காது. நீ ஆணியடித்து மாட்டிய இன்டர்நெட் பெட்டியில் விளக்கு அணைந்து, சிவப்பாக எரிந்து, மறுபடி பச்சையானது. வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது. பசை காய்ந்து தாள் விரலோடு ஒட்டிக்கொண்டது. பட்டாசுக் கம்பெனிகள் சூழ்ந்த நாரணாபுரத்தில் எல்லோருக்கும் சத்தம் என்றால் பயம். எனக்குக் கரண்ட் போய் வந்தாலே பயம்.

நீ இருந்தபோது அந்த நேரம் வேடிக்கையாக இருக்கும். விளக்கு பச்சையானதும், "நம்பர் மாறிருச்சுக்கா, இப்ப பாரு" என்பாய். பத்து நிமிடத்தில் உன் போன் அடிக்கும். நீ கேமரா மாட்டிய பட்டாசுக் கம்பெனிகளில் ஏதாவது ஒன்றிலிருந்து, "தம்பி, படம் வரலை" என்பார்கள். முதலாளிகள் வீட்டில் இருந்தபடியே போனில் கம்பெனியைப் பார்ப்பார்கள். படம் கறுத்துப்போனால் அவர்களுக்குச் சோறு இறங்காது. நீ லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுப்பாய்.

"ஏலே, கேமரா அங்கனதான இருக்கு. போனு அவுக கையில இருக்கு. இடையில நீ எதுக்குலே?" என்று ஒருநாள் கேட்டேன். சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து நீ சொன்னாய். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு நம்பர் உண்டாம். புள்ளி வைத்து நாலு துண்டாக இருக்குமாம். ஐபி என்று பெயராம். அந்த நம்பர் தெரிந்தால்தான் வெளியே இருக்கிற போன் உள்ளே இருக்கிற கேமராவைக் கண்டுபிடிக்குமாம். எனக்கு விளங்கவில்லை.

"நீ பட்டாசு வேலைக்குப் போனியே, காலையில வண்டி ஏறுறப்ப எந்த ரூம்ல உக்காரப்போறன்னு தெரியுமா?"

"போர்மேன் சொல்றதுதான். நேத்து பதினொண்ணுன்னா இன்னைக்கு நாலு."

"அதான் டைனமிக். எது காலியோ அதக் குடுப்பான். கரண்ட் போச்சுன்னா ரூம விட்டு எந்திரிச்ச மாதிரி. திரும்பி வந்தா வேற ரூம். வாட்ச்மேன் எங்க இருப்பாரு?"

"கேட்டுல. வேற எங்க?"

"அது ஸ்டாட்டிக். என்ன ஆனாலும் மாறாது. ஆனா அத இன்டர்நெட் ஆபீசுல எழுதிக் குடுத்துக் கேட்டு வாங்கணும்."

"அப்ப முதலாளி போனு பழைய ரூமுக்குப் போயி, என்னயக் காணோம்னு முழிச்சுக்கிட்டு நிக்கும்."

"அக்கா அஞ்சாப்புன்னு எவன் சொன்னான்?" என்று சிரித்தாய்.

"ஆறாப்புப் பாதி" என்று திருத்தினேன்.

புது நம்பர் என்னவென்று பார்க்க நீ நேரில்தான் போகவேண்டியிருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஆபீசிலும் பாதி இடத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. முதலாளி சொன்னதால் உன் லேப்டாப்பை மட்டும் உள்ளே விடுவார்கள். போய், அதைப் பெட்டியில் மாட்டி, நம்பரைக் குறித்துக்கொண்டு வந்து, முதலாளி போனில் மாற்றிக் கொடுப்பாய். அடுத்த தடவை கரண்ட் போகும்வரை படம் ஓடும்.

அன்றைக்கும் அப்படித்தான் கரண்ட் போய் வந்தது. ஊருக்குத் தெற்கே இருந்த கம்பெனி. இன்டர்நெட் லைன் பின்ரோட்டிலிருந்து வந்ததால் அங்கே பெட்டியைப் பேக்கிங் ரூமை ஒட்டிய சின்ன அறையில் வைத்திருந்தார்கள். "நம்பரப் பாத்துட்டு வந்துருவேன், தோசை ஊத்தி வையி" என்று போனாய். முதல் தோசையைத் திருப்பும்போது வெடிச் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டுக்காரி வாசலுக்கு வந்து, "எந்தப் பக்கம்?" என்றாள். நான் உன் போனுக்கு அடித்தேன். மணி போனது. மணி போகிறது, ஆள் நன்றாக இருக்கிறான் என்று நினைத்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். உள்ளே போகிறவர்கள் போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

கேட்டில் நின்ற எல்லோரும் ஒருவரையொருவர் "எந்த ரூம்?" என்றுதான் கேட்டார்கள். ஒருவர் ரூம் வாரியாகப் பெயர்களை வாசித்தார். உன் பெயர் எந்த ரூமிலும் இல்லை. நீ அங்கே வேலையாள் இல்லையே. பெயர் இல்லாததால் நீ உள்ளே போகவே இல்லை என்று கொஞ்ச நேரம் நம்பிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் அழுதவளுக்கு ஆறுதல்கூடச் சொன்னேன். பிறகு வாட்ச்மேன் உன் போனைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. நான் கூப்பிட்டதெல்லாம் வரிசையாக அதில் நின்றது.

அந்தப் போனை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. அடிக்கும். எடுக்க மாட்டேன். இன்று எடுத்துவிட்டேன். அச்சங்குளம் பக்கம் ஒரு கம்பெனியின் மேனேஜர்.

"தம்பி, படம் வரலைய்யா."

"தம்பி இல்லைங்க. நான் அவன் அக்கா." உன்னை வெடி கொண்டுபோன விவரத்தைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பிறகு, "மனசு விட்றாதீகம்மா. சரி, வேற ஆள வரச் சொல்லிக்கிறேன்" என்றார்.

"ஐயா, ஆள உள்ள விடாதீக. மாறாத நம்பர் கேட்டு வாங்குங்க. கரண்டு நூறு தடவ போனாலும் அதே நம்பர்தான். யாரும் வரவேண்டியதில்ல."

"நீங்க என்னம்மா படிச்சிருக்கீக?"

"குழா உருட்டுறேன்யா."

"முதலாளிகிட்டச் சொல்றேன். ஆனா இன்னைக்குப் படம் வந்தாகணும்மா, என்னயத் திட்டுவாரு."

"அப்ப வர்ற ஆளு வெளிய போனதும் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க. மறந்துறாதீக."

அதன்பிறகு ஒரு குழாய்கூட ஒழுங்காக உருட்டவில்லை. உள்ளே போயிருப்பவன் எவனோ ஒருவன், முகம்கூடத் தெரியாது. லாரி டயர் வெடித்ததற்கு வாசலுக்கு ஓடினேன். யாரோ இரும்புக் கதவைச் சாத்தியதற்கு எழுந்து நின்றேன். மதியச் சோறு அப்படியே இருந்தது. இரண்டு மணிக்குப் போன் வந்தது.

"அக்கா, வெளிய வந்துட்டேன். உங்ககிட்டச் சொல்லணும்னு மேனேஜர் சொன்னாரு. நீங்க யாருக்கா?"

எனக்கு மூச்சு வந்தது. "மாறாத நம்பரப் பத்தி அவுககிட்ட எடுத்துச் சொன்னியாப்பா?"

சிரித்தான். "அதச் சொல்லிட்டா அப்புறம் எனக்கு என்னக்கா வேல?"

தம்பி, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தெற்குக் கம்பெனிக்காக மாறாத நம்பர் கேட்கும் படிவத்தை நீ எழுதி முடித்திருந்தாய். முதலாளி கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. "கிறுக்காலே உனக்கு? அது வந்துட்டா உன்னய எவன் கூப்புடுவான்? கொஞ்ச நாளு போகட்டும்" என்று நான்தான் சொன்னேன். "நீ சொல்றதும் சரிதான்" என்று மடித்துப் பையில் வைத்தாய். மாறுகிற நம்பர் நமக்குச் சோறு போடும் என்பதுவரை எனக்கு விளங்கியிருந்தது. ஒவ்வொரு தடவை அது மாறும்போதும் நீ அந்த அறைக்குள் போகவேண்டும் என்பதை மட்டும் நான் நினைத்தே பார்க்கவில்லை.

அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி, படிவத்தைப் பற்றி, நான் சொன்னதைப் பற்றி. அந்தப் பக்கம் பைக் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"எத்தன கம்பெனி பாக்குற?"

"ஒம்பதுக்கா."

"ஒம்பதுக்கும் எழுதிக் குடு."

"பாக்குறேன்க்கா" என்றான். மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அவன் பெயரைக் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் ஒருநாள் கேட்டில் போய் நின்று அந்தப் பெயரையும் கூப்பிட வேண்டிவருமோ என்று பயமாக இருந்தது. போனை வைத்ததிலிருந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவன் பெயரும் எந்த ரூமிலும் எழுதியிருக்காது. வெளியே ஒருத்திக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். சாயங்காலம் அவனைக் கூப்பிட்டுப் பெயரைக் கேட்டுவிடுவேன், தம்பி. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டுவிடுவேன்.