ரிஸ்கானின் நம்பர்

அக்குறணை.

அன்புள்ள ஷிராஸ் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் தோஹாவில் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே மாமிக்கு முழங்கால் வலி குறையவில்லை. மற்றபடி ஏதோ இருக்கிறோம். மகள் அம்னா மறுபடியும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். வாப்பா எங்கே என்று இப்போது கேட்பதில்லை. கேட்டால்கூடப் பரவாயில்லை போல இருக்கிறது எனக்கு.

வொய்ஸ் மெசேஜ் போடாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். பேசத் தொடங்கினால் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். பக்கத்து வீட்டு ருக்கியா ராத்தாவின் மகன் நாளை தோஹாவுக்குப் புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். தனியாக இருந்து வாசியுங்கள்.

நம் கார் கழுவிப் பொலிஷ் போடும் இடத்துக்கு மதினியின் தம்பி பஹீமை சேல்ஸ்மேனாகப் போடப் போகிறீர்கள் என்று மாமி சொன்னார். காணி உங்களுடையது, மெஷின்களும் நீங்கள் எடுத்துத் தந்தவைதான். உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தம்பி ரிஸ்கானின் போனையும் நம்பரையும் பஹீமிடம் ஒப்படைக்க வேண்டும் என்றீர்களாமே, அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஹீம் கெட்டவன் இல்லை, வாயாலேயே பந்தல் போடுகிறவன். பல்லேகலப் பக்கம் கொம்பனி கொம்பனியாக ஏறி இறங்கி, ஓடித் தேய்ந்த காரையும் புதுக் காராக்கித் தருவோம் என்று சொல்லிவிட்டு வருவான். இங்கே பொலிஷ் போடுவது கறுப்பையா அண்ணன் ஒருவர்தான். அவன் கொடுத்த வாக்கை அவர் தலையிலா கட்டுவது?

போய்ப் பேச ஆள் இல்லாமல் வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். படுக்கவில்லை மச்சான். ரிஸ்கான் மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகும் கார்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. எப்படி வருகின்றன என்று நீங்கள் கேட்கவே இல்லை. நான்தான் வரவைக்கிறேன்.

அந்த மழையில் ஓயா பெருகி வெள்ளம் ஏறியபோது, பேராதனையில் படிப்பிக்கும் சுதர்சினி மிஸ்ஸின் கார் நம்மிடம் நின்றது. அமானிதம், நம்மை நம்பி விட்ட பொருள் என்று சொல்லிக்கொண்டு ரிஸ்கான் ஓடினார். அதை மேட்டில் விட்டுவிட்டு, அடுத்த காரை எடுக்கத் திரும்பியபோதுதான் மதில் இவர்மேல் விழுந்தது. ஜனாஸாவை அடக்க எடுத்துப் போன பின், பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருக்கையில், அலுமாரியில் இவருடைய போன் சத்தம் போட்டது. கார் பத்திரமா என்று மிஸ் கேட்டிருந்தார். என்னவென்று எழுதுவேன்? பத்திரமா இருக்கு மிஸ், பயப்பட வாணாம் என்று எழுதினேன். மழை கூட, நீங்களும் கவனமா இருங்கோ ரிஸ்கான் என்று பதில் வந்தது.

அன்றைக்குத் தொடங்கியது. யார் கேட்டாலும் இவர் பேரிலேயே எழுதினேன். இவர் எழுதுகிற மாதிரி சிங்களத்தில் இரண்டு வரி, தமிழில் இரண்டு வரி. வேலை முடிந்ததும் கறுப்பையா அண்ணன் போட்டோ அனுப்புவார், அதைக் கார்க்காரருக்கு அனுப்பிவிடுவேன். போனில் இவர் படத்தையும் நான் மாற்றவில்லை. சரி ரிஸ்கான், நன்றி ரிஸ்கான் என்று எழுதுவார்கள். அந்தப் பேரை வாசிப்பதற்காகவே சில நேரம் தேவையில்லாத கேள்வியும் கேட்டிருக்கிறேன். பொய் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் செய்தேன்.

பிறகு பல்லேகலவிலிருந்து ஒரு கொம்பனி சேர் காரோடு வந்து ரிஸ்கானைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார். கறுப்பையா அண்ணன் நடந்ததைச் சொல்ல, சேர் அன்று காலையில் ரிஸ்கான் பேரில் வந்த மெசேஜைக் காட்டியிருக்கிறார். நான் என் பேரில் எழுதுகிறேன் என்றுதான் அண்ணன் அதுவரை நினைத்திருந்தார். குசினிக் கதவுக்கு வெளியே வந்து நின்று, செத்துப்போனவரு வாங்கன்னு கூப்பிட்டிருக்காரே தங்கச்சி, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல என்றார். உண்மையைச் சொன்னேன். மனுஷன் அப்படியே திரும்பிப் போனார். சேர் காரைக் கழுவாமலே கொண்டுபோய்விட்டார்.

அதோடு ஊர் வாய் திறந்தது. புருஷனுக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் வீட்டோடு இருக்கிறவளுக்கு அந்நிய ஆண்களோடு போனில் என்ன பேச்சு என்கிறார்கள். அல்லாஹ்வே! சீட்டில் தேத்தண்ணிக் கறை போகுமா என்பதற்கு மேலே ஒருவரும் என்னிடம் ஒன்றும் பேசியதில்லை. மாமி மௌலவியிடம் கேட்டுவிட்டார், பிழைப்புக்கான பேச்சு குற்றமில்லை என்று அவரும் சொல்லிவிட்டார். ஆனால் யாரோ உங்கள் காதில் போட்டுவிட்டார்கள். பஹீமுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பதைவிட, என் கையிலிருந்து போனை வாங்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு முக்கியமாகிவிட்டது. இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

இத்தா முடியட்டும். ரிஸ்கான் மௌத்தாகிவிட்டார், இனிப் பேசுவது அவர் மனைவி என்று ஒவ்வொருவருக்கும் நானே சொல்லுவேன். அதைப் பஹீம் சொல்லக் கூடாது. கொம்பனிகளுக்குப் போக ஆள் வேண்டுமென்றால் நானே போகிறேன். எனக்குச் சிங்களம் வரும், இங்கிலீஷ் சமாளிப்பேன். அவனுக்குக் கொடுக்கும் சம்பளத்தை எனக்குத் தாருங்கள், தர்மமாக மாதா மாதம் அனுப்புவதை நிறுத்துங்கள். என் பிள்ளை உழைத்த காசில் சாப்பிட்டு வளரட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத மனமில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஜனாஸாவுக்குப் பிறகு, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து நீங்களும் அந்த நம்பருக்கு மெசேஜ் போட்டீர்கள். டேய், சாப்பிட்டியாடா என்று கேட்டீர்கள். ஒரு தடவை, அடுத்த லீவுக்கு வாறன்டா, கோவிக்காத என்று எழுதியிருந்தீர்கள். போனை நான் திறக்கிறேன் என்று ஊர்க்கதை வந்ததும் நிறுத்திவிட்டீர்கள். எத்தனையோ பேருக்கு இவர் பேரில் பதில் எழுதினேன் மச்சான், உங்களுக்கு மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை.

போன் பஹீமிடம் போனால் அவனும் அதையெல்லாம் வாசிப்பான். வேண்டாம், என்னிடமே இருக்கட்டும். தம்பிக்கு எழுத வேண்டும் போல இருந்தால் எழுதுங்கள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தைத் தருவானாக.

உங்கள் தம்பியின் மனைவி,
உம்மு குல்சும்