குளிராக இருக்க வேண்டிய அறை

ஜனவரி 9

நான் அறிவியல் டீச்சராக இருந்த காலத்தில் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், தெர்மாமீட்டரே தப்பா இருந்தா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்ப்பேன் என்று அன்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். இன்று காலையிலிருந்து அந்தக் கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. தப்பாக இருப்பது நானேயானால்?

நேற்று படுக்கப் போன என் கணவன் ஒட்வார் மாடியிலிருந்தே கத்தினான்: "சிக்னே, மறுபடியும் படுக்கையறையில சூட்டைப் போட்டியா? என்னை அடுப்புக்குள்ள படுக்கச் சொல்றியா?"

நான் போடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, குளிரில், தடித்த போர்வைக்குள்தான் தூங்குகிறோம். எங்கள் வீட்டு ஏசி பெட்டிகள் குளிர்காலத்தில் சூட்டுக் காற்றுத் தருபவை; படுக்கையறைப் பெட்டியை மட்டும் அந்த மாதங்களில் நான் தொட்டதே இல்லை. நான் போட்டது பக்கத்துத் தையல் அறைப் பெட்டியை. அது பச்சை விளக்கைக் காட்டிவிட்டு, சூடும் இல்லாமல் காற்றும் இல்லாமல் சும்மா இருந்தது. இலையுதிர்காலத்திலிருந்தே இப்படித்தான். கீழே கூடத்துப் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

ஜனவரி 11

"ரிமோட்டை மாத்தி எடுத்திருப்ப" என்கிறான். மூன்று ரிமோட்டும் ஒரே அச்சு, உண்மைதான். ஒவ்வொன்றிலும் அறையின் பெயரை எழுதி ஒட்டினேன், குழந்தைகளின் பென்சில் டப்பாவில் பெயர் ஒட்டுவது போல.

சாயங்காலம் மறுபடியும் படுக்கையறை வெதுவெதுப்பு. அங்கே பெட்டியில் விளக்கே எரியவில்லை.

"நான் வர்றதைப் பார்த்ததும் அணைச்சுட்ட."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சிரிக்காமல் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஜனவரி 14

ட்ரான்ட்ஹைமிலிருந்து மகள் யோருன் போன் செய்தாள். குரலில் ஒரு மெதுமை. நோயாளியிடம் பேசுகிற குரல். ஒட்வார் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான்.

"ஒரு ஞாபகப் பரிசோதனைதானேம்மா. டாக்டர்கிட்ட பிப்ரவரி அஞ்சாம் தேதிக்கு நேரம் வாங்கிட்டேன்."

"என்னைக் கேட்காமலா?"

"கேட்டா வேண்டாம்ப."

அப்புறம் தயங்கித் தயங்கி — உங்க ரெண்டு பேருக்கும் இந்த வீடு பெருசாயிடுச்சும்மா, வயசானவங்களுக்கான நகராட்சிக் குடியிருப்புல மாடிப்படியே கிடையாது...

ஆக, இதுதான் விஷயம். ஒரு பெட்டி சூடாகிறது என்று என் வீடே என் கையைவிட்டுப் போகப்போகிறதா?

ஜனவரி 15

போன மாதம் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கருகவிட்டது நான்தான். எதிர்வீட்டுக்காரியின் பெயர் நேற்று வாயில் வரவில்லை. அதுவும் நான்தான். அப்படியென்றால் இதுவும்?

ஜனவரி 17

தூக்கம் இல்லை.

ஜனவரி 19

பனி கொட்டி ஓய்ந்த காலை. தபால் எடுக்கப் போனவள் வீட்டை நிமிர்ந்து பார்த்தேன். எல்லாச் சன்னல் விளிம்பிலும் ஒரு சாண் பனி. படுக்கையறைச் சன்னலில் மட்டும் இல்லை. உருகி வழிந்து, கீழே கூர்கூராக உறைந்து தொங்கியது.

விடிந்ததிலிருந்து தையல் அறையில்தான் இருந்தேன், வராத சூட்டுக்காகப் பெட்டியைப் போட்டுக்கொண்டு. ஒட்வார் கடைக்குப் போயிருந்தான். படுக்கையறைப் பக்கம் யாரும் போகவில்லை.

ஓடினேன். பெட்டியில் விளக்கு இல்லை. காற்று வரும் வாயில் கையை வைத்தேன். சுட்டது.

யாரும் போடாத பெட்டி! கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா கோபமா, தெரியலையே.

ஜனவரி 20

முறையாகச் செய்தேன். மூன்றையும் அணைத்து, சன்னலைச் சாத்தி, நன்றாக ஆறவிட்டேன். பிறகு ஒட்வாரைப் படுக்கையறைக்கு அனுப்பினேன்.

"பெட்டி வாயில கையை வை. நான் சொல்றவரைக்கும் எடுக்காத."

"இந்த வயசுல என்னைப் பரீட்சைக்கு நிறுத்துறியே."

"பேசாம நில்லு."

தையல் அறைப் பெட்டியை மட்டும் போட்டேன். பச்சை விளக்கு. காற்று இல்லை. காத்திருந்தேன். இத்தனை வருடம் எத்தனை சோதனை செய்து காட்டியிருக்கிறேன், ஒன்றிலும் பதிலுக்கு இப்படி ஏங்கியதில்லை.

"சிக்னே..." என்றான் சுவருக்கு அப்பால். "சுடுது."

மாற்றியும் செய்தோம். படுக்கையறைப் பெட்டியை அவன் போட, என் அறைப் பெட்டி சூடானது. முன் பெஞ்சைக் கேட்ட கேள்விக்குக் கடைசி பெஞ்சு எழுந்து பதில் சொல்வது போல. வெளியே நிற்கிற ஒரே பெட்டிதான் மூன்று அறைக்கும் சூட்டை அனுப்புகிறது. அதை அக்டோபரில் மாற்றினார்கள். அப்போது கட்டளை கொண்டுபோகும் வயர்களில் இரண்டு இடம் மாறியிருக்க வேண்டும். என் அறை கேட்ட சூடு படுக்கையறைக்குப் போயிருக்கிறது. படுக்கையறைப் பெட்டியை யாரும் போடுவதில்லை. அதனால்தான் தவறின் மறுபாதி யார் கண்ணிலும் படவில்லை.

ஒட்வார் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் யோருன்கிட்ட சொன்னதெல்லாம்..."

முடிக்கவில்லை. முடிக்க நானும் உதவவில்லை.

ஜனவரி 23

எலக்ட்ரீஷியன் ஸ்டியான் வந்தான். வெளிப்பெட்டியின் மூடியைத் திறந்ததும், "அட, எங்க ஆளுங்க வேலைதான். மன்னிச்சுக்கங்க" என்றான். வயர்களை மாற்றி மாட்டினான். தையல் அறை இருபத்தொரு டிகிரி. படுக்கையறை பன்னிரண்டு.

யோருன் போனில்: "டாக்டர் நேரத்தை ரத்து பண்ணிடறேம்மா." குடியிருப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"ரத்து பண்ணாதே" என்றேன். வயர் மாறியதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. பாத்திரம் கருகியதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 5

போனோம். கடிகாரம் வரையச் சொன்னார் டாக்டர். ஐந்து சொற்களை நினைவில் வைக்கச் சொன்னார். நான்கு வந்தன.

"உங்க வயசுக்கு இது நல்லாவே இருக்கு. அடுத்த வருஷம் வாங்க, பாப்போம்."

ஐந்தாவது, காரில் ஏறும்போது வந்தது: துடைப்பம். திரும்பி ஓடி டாக்டரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஒட்வார் கிளம்பினான். கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

பிப்ரவரி 13

ஒட்வார் இன்று தன் தம்பியோடு ஏரிக்குப் போனான், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க. இரண்டு இரவு அங்கேதான். வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே எதையோ மறக்காதே என்று சொல்ல வாயெடுத்தான். அடுப்பா, கதவா, மாத்திரையா? சொல்லவில்லை.

"பெரிய மீனாப் பிடிச்சுட்டு வர்றேன்."

"கடையில வாங்காம இருந்தா சரி."

வீடு முழுக்க நான் ஒருத்திதான்.

என்றாவது இதை யாராவது படித்தால்: உங்கள் வீட்டிலும் வெளியே ஒரு பெட்டியும் உள்ளே பலவும் இருந்தால், எல்லாவற்றையும் அணைத்து ஆறவிடுங்கள், ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, மற்ற அறைகளுக்குப் போய்க் கையை வைத்துப் பாருங்கள்.